இரண்டு நொடி

சிப்காட் வாசலில் அப்பாவுக்கு எடைமேடை வேலை.
லாரி ஏறும், எண் எரியும், எழுதுவார்.
இருநூறு கிலோ குறைத்துப் போடச் சொல்லி
சட்டைப் பையில் நோட்டைத் திணித்த டிரைவரை
ஊரறியத் திட்டி அனுப்பியவர்.
"கலியபெருமாள் தராசு
பெத்த பிள்ளைக்கும் சாயாது" என்று
ஈச்சங்காடு டீக்கடையில் பேச்சு.

நைட் ஷிப்ட் முடிந்து
அமில நாற்றத்தைச் சட்டையோடு கொண்டுவந்து
எங்களை எழுப்புவார்.
உப்பனாற்றுக் கரையில்
சைக்கிள் டயரில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து
சுற்றுச் சுற்றாய் எண்ணி
அவரே அளந்த நானூறு மீட்டர்.
கோடிக்குப் போய்த் திரும்பினால் எண்ணூறு.
ஸ்டாப்வாட்ச், பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் வாங்கியது.

ஓடிவந்து விழுவோம்.
மூச்சு திரும்புமுன் எண்ணைச் சொல்வார்,
எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதுவார்.
யாரிடமும் கடன் வைக்காத மனுஷன்
"நல்லா ஓடுனடா" என்பதை மட்டும்
எங்களுக்குப் பாக்கி வைத்திருந்தார்.

அண்ணன் பூவராகனுக்கு
இரண்டு நிமிடம் ஒரு நொடி.
பொங்கலன்று, இரண்டு நிமிடம் ஒரு நொடி.
மாசி மகத்தன்று ஊரே தேவனாம்பட்டினம் போக
நாங்கள் மட்டும் கரையில் ஓடிய காலையிலும்
அதே ஒரு நொடி.

ரெண்டு நிமிஷத்துக்குள்ள வராதவன்
செலக்‌ஷனுக்குப் போயி என்னத்த பண்ண,
என்று ஒரு வெள்ளிக்கிழமை
ஸ்பைக்ஸை என் பக்கம் தள்ளினான்.
எனக்கு ஒரு சைஸ் பெரிது.
நுனியில் பஞ்சு அடைத்து ஓடினேன்.
அவன் லாரிக்குக் கிளீனராகப் போனான்.
சில ராத்திரி அப்பாவின் மேடையில்
சரக்கோடு அவனும் ஏறி நின்றிருப்பான்.
அப்பா எடை எழுதியிருப்பார்.

எனக்கும் அதே எண்தான்.
எனக்கு அதைக் கடித்துத் தின்னவேண்டும்போல் இருந்தது.

மஞ்சக்குப்பம் ஸ்டேடியம், மாவட்டப் போட்டி.
மைக்கில் என் பேர். பிறகு,
ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு.
தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று மேசைக்குப் போனேன்.
"மூணு பேரு, மூணு வாட்ச், தம்பி" என்றார் நடுவர்.
கேலரியில் அப்பா கைதட்டவில்லை.
தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:
"லேட்டாதான் அமுத்துவேன். ரெண்டு நொடி.
வந்துட்டோம்னு தெரிஞ்சா நின்னுருவீங்கன்னு."

ரசக் கரண்டியோடு அம்மாவின் கை நின்றது.
கழித்துப் பார்க்க அண்ணனுக்கு
அதிக நேரம் ஆகவில்லை.

கத்துவான் என்று நினைத்தேன்.
"அப்ப என்னோட நெஜ டைம் என்னப்பா?
அதுல எது பெஸ்ட்டு?" என்றான்,
மீசை முளைக்காத குரலில்.

டிரங்குப் பெட்டியிலிருந்து சீட்டுக்கட்டு வந்தது.
ரப்பர் பேண்டு இற்று உதிர்ந்தது.
ஒவ்வொன்றாகப் புரட்டினார், திருப்பினார்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"சில நாளு ரெண்டு, சில நாளு மூணு...
கை போன போக்கு.
எழுதி வெக்கலயேப்பா."

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது.
அண்ணன் கை கழுவிவிட்டு வந்தான்.
வாசலில் கிடந்த ஸ்பைக்ஸை எடுத்து
நுனியிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டு
காலை நுழைத்துப் பார்த்தான்.
சரியாக இருந்தது.
ஹாரன் இன்னொரு முறை அடித்தது.