சுற்றுலா நீதிமன்றம்

பெயர்ப்பலகையில் பெரிய வேலை இருக்கவில்லை.
'சுற்றுலா நீதிமன்றம்' என்றிருந்ததில்
பின்பாதியை மட்டும் சுரண்டினார் பெயின்ரர் உதுமாலெப்பை.
'விடுதி' என்று எழுதினார்.
முன்பாதி அப்படியே கிடந்தது.
அரைக்கூலிதான் தந்தார்களாம்.

பதினைந்து நாளுக்கொருக்கா
அக்கரைப்பற்றிலிருந்து நீதவான் ஐயா
சுற்றி வந்ததால் பொத்துவிலில் அந்தப் பெயர்.
இப்போது இத்தாலியிலிருந்து சுற்றி வருகிறார்கள்,
அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், இரண்டு முழத் தடிப்பு.
ஐயாவின் அறைக்கு ஓர் இரவு நாற்பதாயிரம்.
சாட்சிக்கூண்டில் வாழைப்பழமும் பப்பாசியும்
வெட்டி அடுக்கியிருக்கும், காலைச் சாப்பாட்டுக்கு.
மறியல் அறைதான் எல்லாவற்றிலும் விலை.
கம்பிக் கதவைக் கழற்ற வேண்டாம்
என்று முதலாளி சொல்லிவிட்டார்.
அதைப் பிடித்தபடி நின்று
படம் எடுக்கிறார்கள், பல் தெரிய.

நான் கட்டில் விரிக்கிறவள்.
கோமாரியிலிருந்து ஆறு மணி பஸ்.
பதினொரு வருஷம் இறங்கிய அதே தரிப்பு.

தாபரிப்பு வழக்கு.
எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும்
மாதம் மூவாயிரம் கட்டச் சொல்லி உத்தரவு.
பத்தாம் திகதி அந்த மரச் சாளரத்தில் குனிந்து கேட்பேன்.
புத்தகத்தைத் திறக்காமலே லிகிதர்
"கட்டல்ல" என்பார்.
மறுகா தவணை. மறுகா பஸ்.
தவணையன்று வாசலில் நின்று கூப்பிடுவார்கள்,
சாமித்தம்பி புண்ணியமூர்த்தி
சாமித்தம்பி புண்ணியமூர்த்தி
சாமித்தம்பி புண்ணியமூர்த்தி.
மூன்றாம் தரம் குரல் களைத்துக்
களப்புப் பக்கம் போய்விடும்.
ஒருமுறை கொக்கு ஒன்று எழும்பியது.
எதிராளி சமுகமில்லை என்று பதிந்தார்கள்.

பிள்ளைகள் வளர்வதற்குத்
தவணை கேட்கவில்லை.
மூத்தவள் கலியாணம் முடித்து வந்தாறுமூலையில்.
இளையவன் கட்டாரில் லொறி ஓடுகிறான்.
வழக்கு எப்போது முடிந்ததென்று
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
புதுக் கட்டடத்துக்கு மாறும்போது
எங்கோ விழுந்திருக்கும்.

அந்தச் சாளரம்தான் இப்போது வரவேற்பிடம்.
என் நெற்றி பட்டுப் பட்டுக் கறுத்த சட்டத்தை
வார்னிஷ் பூசி மினுக்கிவிட்டார்கள்.
பத்தாம் திகதி, அதே ஓட்டையால், சம்பளம் வருகிறது.
முதல் மாதம் எண்ணாமல் நின்றேன்.
"குறையுதாக்கா?" என்றாள் றிஸ்மியா.

ஆவணியில் ஒரு வான் வந்தது.
ஆறு பேர், ஒரு சாரதி.
சாரதிமாருக்குப் பின்பக்கம் ஓர் அறை உண்டு.
முன்னர் கோப்புகள் கிடந்த அறை,
எத்தனை தரம் கழுவியும் கறையான் மணம் போகாது.
துவாயும் திறப்பும் கொண்டுபோனேன்.
தலை நரைத்திருந்தது, வயிறு சரிந்திருந்தது.
இடது காதில் அந்தப் பழைய வெட்டு.
"தேங்ஸ் அக்கா" என்றார்.

அன்று எனக்கு இரவு வேலை.
நித்திரை வரவில்லை என்று சொன்னால் அது பொய்.
சலவை அறையில் நன்றாகத்தான் உறங்கினேன்.

விடிய ஐந்துக்கு அவர்கள் குமணைக்குப் போக வேண்டும்.
ஆறு பேரும் தொப்பியோடு வாசலில்.
சாரதியைக் காணவில்லை.
"அக்கா, ஒருக்கா கூப்பிட்டு விடுங்க" என்றாள் றிஸ்மியா.

கதவடியில் நின்றேன்.
தட்டியிருக்கலாம்.
சாமித்தம்பி புண்ணியமூர்த்தி.
சாமித்தம்பி புண்ணியமூர்த்தி.
மூன்றாவதுக்கு மூச்செடுத்தபோது
உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.
ஓர் இருமல்.
"ஓம், வந்திட்டன்.
தேத்தண்ணி கிடைக்குமா?"

ஊற்றிக் கொடுத்தேன், சீனி குறைத்து.
நூற்றைம்பது ரூபா என்று துண்டு எழுதினேன்.
சாரதிமாருக்குத் தேத்தண்ணி இலவசம்.
அது அவருக்குத் தெரியாது.
சாளரத்தில் குனிந்து
சில்லறையாய் எண்ணிக்
கட்டிவிட்டுப் போனார்.