கழிவு போக

காலை எட்டரை. பகாவில்
செம்பனை ஆலைப் புகை இன்னும் எழுந்திருக்கவில்லை,
கடைகளின் கூரைமேல் படுத்திருந்தது.
திரவியம் சங்கிலியை இழுத்தார்.
இரும்புக் கதவு சுருண்டு ஏற ஏற
முதலில் சக்கரம், அப்புறம் வாய், அப்புறம் கண்.

வெள்ளைக் காடி. வெள்ளை என்றால்
ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை.
அழகில்லை. அழகுக்குச் செய்ததும் இல்லை.
மலைப்பாதைப் பந்தயத்தில் ஒரு காடி இறங்க வேண்டுமானால்
அதே அச்சில் இரண்டாயிரத்து ஐந்நூறு காடிகளைச்
சாதாரண ரோட்டுக்கு விற்றாக வேண்டும் என்று
எங்கோ ஒரு மேசையில் விதி எழுதினார்கள்.
கம்பெனி கடனே என்று செய்தது.
அந்தக் கடனில் ஒரு பங்கு
உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நான் சிரம்பானிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்.
டார்ச், படிவம், சாயத்தின் கனம் பார்க்கும் கருவி.
வாங்குகிறவர் சிங்கப்பூரில்,
நான்கு லட்சம் வெள்ளியோடு, அவசரத்தோடு.

முதலில் இல்லாதவற்றை எழுத வேண்டும்.
ரேடியோ இல்லை; அந்த இடத்தில் ஒரு கறுப்பு மூடி.
குளிர்சாதனம் இல்லை.
கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கணும்.
விரிப்புக்கு அடியில் சத்தம் அடக்கும் பஞ்சு இல்லை.
எடை குறைக்கப் பிடுங்கியதெல்லாம்
விலையில் வந்து ஏறிக்கொள்கிறது.

"நான் பொறந்த லயத்துலயும் இதெல்லாம் இல்ல.
மதிப்புப் போட ஆள் வரல."
வேடிக்கைக்குச் சொன்னாரா என்று பார்த்தேன்.
அவர் பானட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் எண், அடிச்சட்ட எண் பொருந்துகின்றன.
தகட்டில் 1874.
கூரை நூற்றுப் பத்து மைக்ரான். வலக் கதவு நூற்றுப் பதினைந்து.
இடது மட்கார்டில் கருவி முந்நூற்று நாற்பது என்றது.
"தொண்ணூத்தொம்பதுல. லோரியிலேர்ந்து குலை விழுந்துச்சு.
என் லோரி, நான் ஏத்துன குலை.
யார்கிட்டப் போயி நஷ்டம் கேக்குறது?"
மறுசாயம், கழிவு பன்னிரண்டாயிரம்.

ஸ்டார்ட் செய்தார்.
மூட்டைமேல் தூங்கிய பூனை அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை.

கமலவேணி கோப்பைக் கொண்டுவந்தார்.
இருபத்தாறு வருஷ ரோட்டெக்ஸ், ஒன்று விடாமல்.
எண்ணெய் மாற்றிய தேதிகள் அவர் கையெழுத்தில், நீல மையில்.
நடுவே மூன்று அடகுக்கடைச் சீட்டு.
அவர் அதை உருவவில்லை. நான் பார்க்காததுபோல் புரட்டினேன்.
கோப்பு முழுமை, கூட்டு மூவாயிரம்.
வளையலுக்கு என் படிவத்தில் வரி கிடையாது.

பிறகு அட்டை விரித்துக் கீழே படுத்தேன்.
சக்கர வளைவுக்குள் செம்மண்,
செங்கல்லாய் இறுகி, விரல் கனத்துக்கு.
நகத்தால் கீறினால் அடுக்கடுக்காய் வருகிறது:
மழைக்காலம், வெயில், மறுபடி மழை,
ஒரு செம்பனை நார்.

"எங்க ஓட்டுவீங்க?"
"ஞாயித்துக்கெழம விடியல்ல, பதினேழாம் நம்பர் காட்டுக்குள்ள.
லோரி ஓடாத நேரம். ஒரே ஒரு சுத்து.
எதுக்குப் பொறந்துச்சோ அத கொஞ்சம் பாத்துக்கட்டுமேன்னு."

இதன் கூடப்பிறந்தவை சில
எண்ணூறு கிலோமீட்டரோடு நிற்கின்றன,
போர்வைக்குள், ஈரப்பதம் அளந்து.
அவற்றைப் பார்த்துத்தான் இதற்கு விலை வைக்கிறோம்.

கைப்பேசியில் சிங்கப்பூர்:
"அடியில் மண் இருந்தால் பரவாயில்லை,
இங்கே நீராவியில் கழுவிவிடுவோம்."

படிவத்தில் 'மண்' என்று எழுதி
கூட்டா கழிவா என்று பேனா நின்றது.

"கழுவறதுன்னா இங்கயே கழுவிட்டுக் கொண்டு போகட்டும்,"
என்றார் கமலவேணி. "அது நம்ம மண்ணு."

"கம்பெனி மண்ணு," என்றார் திரவியம்,
ரப்பர் குழாய் இருந்த பக்கம்
திரும்பாமலே.