இரண்டு விரல் இடப்பக்கம்

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு
பம்ப் அறைக்குப் பின்னால் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து
உட்கார்ந்துவிடுவான் சேசடிமை.
அல் காமிலில் அந்நேரம் அசைவது
அவன் கையும் என் தண்ணீர் லாரியின் சொட்டும்தான்.

கான்வாஸ் வாங்கக் காசில்லை.
ஏ.சி. வந்த பெட்டியின் ஒட்டுப்பலகை,
அதன்மேல் வெள்ளை ஒரு பூச்சு.
காற்றில் வந்த மணல் ஈரத்தில் ஒட்டினால்
தட்டிவிட மாட்டான்.
"அதுவா வந்து உக்காருது, இருக்கட்டும்."

வரைவது ஒரே இடம்.
ஒரு வன்னி; இங்கே காஃப் என்கிறார்கள்.
ஒட்டகம் எட்டும் உயரம்வரை தின்று
அடியில் கத்திரி போட்டதுபோல் நேராக நிற்கும்.
அதன் பின்னால் சரளை, சரளைக்குப் பின்னால் சரளை,
கடைசியில் நீலமா சாம்பலா என்று
ஆறு வருடமாக அவனுக்கே முடிவாகாத மலை.

எல்லாம் ஒரே பழுப்புதானே என்றேன்.
முகம் திருப்பாமல் சொன்னான்:
வறுத்த ரவை, ஆறிய தேநீர்,
செருப்பின் உள்பக்கம், நேற்றைய குப்பூஸ்.
ஐந்து பத்துக்கு மட்டும் கொய்யாவுக்குள் இருக்கிற ஒன்று;
நீ சிகரெட் பற்றவைப்பதற்குள் போய்விடும்.
நிழலுக்குக் கறுப்பைத் தொடவே மாட்டான்.
உன் லாரிக்கு அடியில் குனிந்து பார் என்றான்.
பார்த்தேன். கத்தரிக்காய் ஊதா.
பதினோரு வருடம் நான் ஓட்டிய லாரி.

சூரில் ஓட்டல் வைத்திருக்கும் மலையாளி
அருவியும் தென்னையும் கேட்டான்.
நாற்பது ரியால். ஒரே ராத்திரியில்
சாப்பாட்டு மேசைகளுக்கு மேலே
கொட்டவிட்டான் தண்ணீரை.
அந்தக் காசில் மஸ்கட்டுக்குச் சொல்லிவிட்டு வாங்கியது
மூன்று குழாய் மண்நிறம்.
மண்ணுக்கா காசு என்று சிரித்தது முகாம்.

அந்த அக்டோபரில் வாதி வந்தது.
மலையில் பெய்த மழை, இங்கே ஒரு தூறல் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு
லாரிகள் வரிசையாய் வருவதுபோல் சத்தம்.
விடிந்தபோது குதிரைமசால் பாத்தி சேறு,
வேலிக்கம்பி போன திசை தெரியவில்லை,
வன்னி நின்ற இடத்தில் தட்டையாய்ச் சரளை.

அந்த மரம்தான் எல்லை என்பது
அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.
வலப்பக்கம் எங்கள் அர்பாப் ஹிலால்,
இடப்பக்கம் கல்ஃபான்.
பத்திரத்தில் இருப்பது "காஃப் மரம் வரை", அவ்வளவுதான்.
இழுபறி நாற்பது அடிக்கு. அதற்குள் ஒரு கிணறு.

அர்பாப் பலகைகளை அள்ளி வண்டியில் போட்டார்.
வாலி ஆபீஸ் மேசையில்
தண்ணீர் பாட்டில்களைத் தள்ளிவிட்டுப் பரப்பினார்கள்.
பதினேழு படம். பதினேழிலும் மரம்
பம்ப் அறை மூலையிலிருந்து ஒரே தூரம்.
ஸ்கேல் வைத்து அளந்தார் அதிகாரி.
கிணறு அர்பாப்புக்கு.

சேசடிமை என் முழங்கையைப் பிடித்தான்.
"லெப்பை, சொல்லு. மரம் அங்க இல்ல.
நட்ட நடுவுல நின்னு படத்த ரெண்டா வெட்டுச்சு.
நாந்தான் ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளி வச்சேன்."

என் அரபியில் தண்ணீர் உண்டு, டீசல் உண்டு,
சம்பளம் எப்போது உண்டு.
படத்துக்காக மரத்தைத் தள்ளியவனுக்குச் சொல் இல்லை.
பொய் என்றால் அவன் பொய்யன்.
தப்பு என்றால், பதினேழு முறையா?
கடைசியில் அதிகாரியின் பேனாவை எடுத்து
மேசையில் நிறுத்தி நகர்த்திக் காட்டினேன்.
இங்கே அசிங்கம். இங்கே அழகு.

கொஞ்ச நேரம் ஏ.சி. சத்தம் மட்டும்.
முதலில் சிரித்தது கல்ஃபான்.

கிணறு ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.
படங்கள் திரும்பி வந்தன, ஒன்று குறைவாக.
அதிகாரி வைத்துக்கொண்டார் என்றும்
கல்ஃபான் கேட்டு வாங்கினார் என்றும் பேச்சு.
அர்பாப் இரண்டு மாதம் இவனோடு பேசவில்லை;
சம்பளம் மட்டும் தேதி தவறவில்லை.

இந்த வெள்ளியும் டின்னைக் கவிழ்த்திருக்கிறான்.
எட்டிப் பார்த்தேன்.
சரளை, சரளை, முடிவாகாத மலை.
"மரம் வைக்கலியா?"
"தள்ளி நில்லு. உன் நிழல் விழுது."

தள்ளி நின்று குனிந்து பார்த்தேன் என் நிழலை.
ஊதா இல்லை, நீலமும் இல்லை.
கேட்டால் பெயர் சொல்வான்.
கேட்கவில்லை.