மருந்தடித்தவர்

லூனாஸில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதும்
விரல்களில் கையுறை மாவு, எத்தனால் வாசம்.

அத்தான் இருபத்தாறு வருஷம் மருந்தடித்தவர்.
காலைப் பிரட்டு முடிந்ததும்
முதுகில் பதினாறு லிட்டர்,
செம்பனைக்குச் செம்பனை அடிவட்டம் சுத்தம்.
அவர் குழாய் போன நிரையில்
கீழாநெல்லி மூன்றாம் நாள் மஞ்சளாகும்.
இப்போது அவர் கண்கள்.

அதே களையை நான்
உலர்த்தி, அரைத்து, வடித்து
ஈரல் புற்றணுக்களின் மேல் ஒரு துளி விடுகிறேன்.
யாருடைய ஈரலோ. ஆள் இல்லை,
அணு மட்டும் இரண்டிரண்டாய்ப் பிரிந்துகொண்டே இருக்கிறது.
எழுபத்திரண்டு மணி நேரத்தில்
பாதி சுருங்கி மிதந்தபோது
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
டாக்டர் நோராய்னி தலை நிமிராமல் சொன்னார்:
"தட்டில் குளோராக்ஸ் ஊற்றினாலும் சாகும்."

அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
வாய்க்கால் ஓரம் பிடுங்கி, மோர் விட்டு அரைத்து
சுண்டைக்காய் அளவு உருட்டி வைத்திருந்தாள்.
பக்கத்தில், எதிர்வீட்டு மக் சீத்தி தந்த நிலவேம்பு.
அவர்கள் மொழியில் அதன் பேர் மண்ணின் பித்தம்.

ஆஸ்பத்திரி மாத்திரையோடு இது வேண்டாம்,
ரெண்டும் ஒரே ஈரலைத் தாண்டித்தான் போகணும் என்றேன்.
அவள் உருண்டையை எறியவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
என் பையில் அதே இலையைப் பற்றி நாற்பது பக்கம்.

ஸ்கேன் தாளை எழுத்துக்கூட்டிய சின்னவன்
"கான்சர் ஹாத்தி" என்று வாசித்துவிட்டு
"அப்பாவுக்கு மனசுலயா கட்டி?" என்றான்.
மலாயில் இரண்டுக்கும் ஒரே சொல்.
யாரும் திருத்தவில்லை.

"உன் இலை எப்ப மாத்திரையாகும்?"
எலிக்குக் கொடுக்கணும். பிறகு ஆளுக்கு.
பத்து வருஷம், பதினைந்து,
ஆகாமலும் போகலாம் அத்தான்.
"நான் ஒரு நாளைக்கு அஞ்சு ஏக்கர் முடிச்சேன்."
விளையாட்டாகத்தான் சொன்னார்.
சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

கிளம்பும் முன்னால் கேட்டேன்:
அடுத்த சோதனைக்கு மருந்து படாத நிலத்து இலை வேண்டும்,
இந்தத் தோட்டத்தில் எங்கே தேடுவது?
வெகு நேரம் கூரையைப் பார்த்திருந்தார்.
பதினேழாம் நம்பர், மின்கம்பத்துக்குப் பின்னால்
ஒரு பாய் அகலம் இடம்.
ஒருநாளும் அங்கே அடித்ததில்லையாம்.

மண்டோரிடம் அடித்ததாகச் சொன்னது பொய்.

"குளவிக் கூடு இருந்துச்சு.
இப்பவும் இருக்கும்.
மெல்லமாப் போ."