வெள்ளைக் குருமா

பிஸ்கட் என்றதும் ஷெங் சியோங் ஆன்ட்டி
கிரீம் கிராக்கர் டின்னைக் காட்டினார்.
அதில்லை, இது வேறு:
குளிர்ந்த வெண்ணெயை மாவில் உதிர்த்து,
அழுத்திப் பிசையாமல்,
டம்ளர் வாயால் வெட்டி ஓவனில் வைத்தால்
அடுக்கடுக்காய் எழும்பவேண்டும்.
ஈசூன் வெக்கையில் வெண்ணெய் எங்கே குளிர?
விரல் பட்டதுமே சரணாகதி.

கோழி சாசேஜைத் தோலுரித்து, பிய்த்துப் போட்டு
வறுக்கிறேன். மிஞ்சிய கொழுப்பில்
இரண்டு கரண்டி மைதா,
பிறகு பால், பிறகு மிளகு,
பிறகும் மிளகு.
நம் கை எப்போது நின்றது?

ஏழே முக்கால். லிஃப்ட் திறக்கும் சத்தம்.
நைட் ஷிஃப்ட் முடித்த சுகிர்தா
சாக்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து
"என்னடா இது, வெள்ளைக் குருமாவா?" என்கிறாள்.
பதிலோடு நான் திரும்புவதற்குள்
மேசையில் தலை சாய்ந்துவிட்டது,
கன்னத்தடியில் வார்டு அட்டை.

கிரேவிக்குக் காத்திருக்கத் தெரியாது.
ஆடை கட்டுகிறது, இறுகுகிறது.
அரை டம்ளர் பால் ஊற்றிக் கிளறுகிறேன்.
ஒன்பது மணிக்கு இன்னொரு அரை.
பிஸ்கட்டில் இரண்டு
நின்றபடியே என் வயிற்றுக்குள் போயின.

பத்தேகாலுக்கு
இரும்புக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு
கீழே இறங்குகிறேன்.
பால் தீர்ந்துவிட்டது.