அங்குலத்துக்கு ஓர் அடி

வாசலில் ஏழு படி. படிக்கு ஆறு அங்குலம்.
கருங்கல். நடுவில் மட்டும் தேய்ந்து
மழை விட்டதும் ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர் நிற்கும்.
தொடக்கூடாது என்றது புதுச்சேரிப் பாரம்பரியக் குழு.
முகப்பு, தூண், மஞ்சள் பூச்சு,
கல்லில் வெட்டிய பிரெஞ்சு எழுத்து
எல்லாம் அப்படியே.
உள்ளே என்ன செய்தாலும் சரி.

உள்ளே என்றால்
பின்கட்டில் புதிதாய் எட்டு வகுப்பறை,
பழைய சுவரில் திரை மாட்ட ஆறு துளை.
துளைக்கருவி பிடிமானம் கிடைக்காமல்
போய்க்கொண்டே இருந்தது.
"மேடம், இது சுவரா, சலிச்சு வெச்ச மாவா?"
தலையெல்லாம் வெள்ளையாக ஷாகுல்.

ஒன்பதாம் வகுப்பு சுகிர்தமேரியைக்
காலையில் இரண்டு பேர் தூக்கி ஏற்றுவார்கள்,
சக்கர நாற்காலியை மூன்றாமவன்.
அவள் மாலைவரை தண்ணீர் குடிப்பதில்லை.
கழிவறை கீழே.
இதை வரைபடத்தில்
எந்த நிறத்தில் காட்டுவது?

சாய்தளத்துக்கு விதி எளிது:
ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம்.
நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு நாற்பத்திரண்டு அடி.
முன்னால் போட்டால் வீதியைத் தாண்டி
எதிர்வீட்டு மாடிப்படியில் முடியும்.
மேற்கே, சைக்கிள் கொட்டகையைத் தின்று,
நடுவில் ஒரு திருப்பம் வைத்துக் கொண்டுபோனேன்.
சேரும் இடத்தில் வாசல் இல்லை.
சன்னல் இருந்தது.

மூன்று கடிதம், இரண்டு கூட்டம்.
தலைமையாசிரியை விக்தோரின் வாதாடவில்லை.
ஒருநாள் காலை எட்டரைக்கு வாருங்கள் என்றார்.
வந்தார்கள். நின்றார்கள்.
குழுவில் ஒருவர் குனிந்து, "எந்த வகுப்பும்மா?"
"தூக்கும்போது பேச மாட்டேன் சார்."
பங்குனியில் ஒப்புதல் வந்தது.

பாகூர் ஏகாம்பரம் சன்னலடியை
உளியால் மட்டும் எடுத்தார்.
பிஸ்கட் கனச் செங்கற்கள்; ஒன்றுகூட உடையவில்லை.
அவற்றையே கைப்பிடிச் சுவராய்க் கட்டினார்.

ஆவணியில் முடிந்தது.
ஆனியிலேயே அவள் அப்பாவுக்குக்
காரைக்காலுக்கு மாற்றல்.
சான்றிதழ் வாங்க வந்த அன்று
கம்பி கட்டி, கலவை ஊற்றாமல் கிடந்தது தளம்.
ஆட்டோவில் இருந்தபடியே பார்த்தாள்.
"ரொம்பச் சரிவா இல்லையே."
"அங்குலத்துக்கு ஓர் அடி" என்றேன்.
வேறென்ன சொல்வது.

முதலில் ஏறியது மதிய உணவு அரிசி மூட்டை,
தள்ளுவண்டியில்.
அடுத்து ஒரு நாய்.
இப்போது மணியடித்தால் ஆறாம் வகுப்பு மொத்தமும்
ஏழு படியை மறந்து
இந்தப் பக்கமே கொட்டுகிறது.

பில்லில் நாற்பத்திரண்டு அடி.
நேற்று நாடா பிடித்தேன்: நாற்பத்து நான்கு.
போன் போட்டுக் கேட்டதற்கு ஏகாம்பரம்,
"தள்ளுறவனுக்கும் மூச்சு வாங்குமில்ல" என்றார்.
அந்த இரண்டடிக்குப் பணம் கேட்கவில்லை.
நானும் திருத்தவில்லை.