இருபத்தெட்டு நாள்

மரகதவல்லி குவைத் போன முதல் வெள்ளிக்கிழமை
அவள் போனுக்கு ஓர் அழைப்பு.
ஊர்தான் என்று எடுத்திருக்கிறாள்.
கும்பகோணம் பைபாஸில் மனை வேண்டுமா என்று
ஒரு பெண் கேட்டிருக்கிறாள், ரொம்ப மரியாதையாக.
காதில் தமிழ் விழுந்த ஆசையில்
இவளும் விசாரித்திருக்கிறாள்:
தண்ணீர் உப்பா, பஸ் வருமா,
கிழக்கு பார்த்ததாக ஒன்று இருக்கா.
ஆறு நிமிஷம்.
ரோமிங்குக்கென்று நான் போட்டுவிட்ட ஆயிரமும்
மனைக்கு அட்வான்ஸ் கொடுத்ததுபோல் போயிற்று.

ஜபருல்லா கடையில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
கூத்தாநல்லூர்க்காரர், அங்கே பதினோரு வருஷம் இருந்தவர்.
"பேச அங்கத்து சிம் வாங்கிக்கட்டும்.
வைஃபை இருக்கிற இடத்தில் நின்னா காசே ஆகாது.
இந்த நம்பரை ஊருக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்க.
பேங்க்காரன் இதைத்தான் மரகதவல்லின்னு நினைச்சிட்டிருக்கான்.
சாக விட்டுடாதீங்க."

விடுப்பில் வந்த திருத்துறைப்பூண்டி ஆள் ஒருவர்
தைல டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.
சுண்டுவிரல் நகம் அளவு.
பட்டன் போனில் போட்டேன். ஒரு வாரம் தைலம் மணத்தது.

இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ்.
உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன், சும்மா இருக்க முடியுமா,
போட்டுப் பார்த்தேன்.
கம்பெனிக்கு வருஷத்தில் பதின்மூன்று மாதம்.
அவளுக்குச் சம்பளம் பன்னிரண்டுக்குத்தான்.
குறுவையும் இல்லாத, சம்பாவும் இல்லாத
அந்த ஒரு மாதத்தை யார் தலையில் எழுதுவது?

நம்பர் உயிரோடு இருந்ததால்
அவளைத் தேடி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள்.
ரயில்வே குவார்ட்டர்ஸ் அன்னபூரணி:
ரெண்டு ஜாக்கெட் துணி உங்க வீட்லதான் கிடக்கு.
குழுத் தலைவி புஷ்பராணி:
இந்த மாசச் சந்தா நீங்க கட்டுறீங்களா, இல்ல பேரை அடிச்சிடவா?
பள்ளிக்கூடத்திலிருந்து, பையனுக்கு வயிற்றுவலி,
அம்மாகிட்ட கொடுங்களேன்.
ஒளிமதியிலிருந்து ஒருத்தி. பெயர் சொல்லவில்லை.
அக்கா என்று அழைத்து அழுதாள்.
என் குரல் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள்.

பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.
இத்தனை பேர் உள்ளே வந்து போனது
எனக்குத் தெரியாது.

போன வெள்ளி நகைக்கடன் வட்டிக்குக் கடைசி நாள்.
அவள் சால்மியாவில் சூப்பர் மார்க்கெட் வாசலில்,
வைஃபை எட்டுகிற தூணோரம்.
நான் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்.
நெல் ஏற்றிய வேகன்கள் முன்னால் போகும், நிற்கும்,
ஏதோ மறந்ததுபோல் திரும்பி வரும்.
ஓடிபி வந்தது. அதற்கு மூன்று நிமிஷம் ஆயுசு.
ஒரு கையில் அவள் நம்பர், மறு கையில் அவள்.
"எட்டு. நாலு. நாலு."
எஞ்சின் கத்தியது.
"ஆறா, ஏழா?"
"ஏழு! வாரத்துக்கு எத்தனை நாள், அந்த ஏழு!"
இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று
கீழே எழுதியிருந்தது.
மினிபஸ்ஸில் நின்றவர்களுக்கும் வெள்ளரிப்பிஞ்சு விற்பவளுக்கும்
சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"போயிடுச்சு" என்றாள், பணத்தை.
அப்புறமும் அவள் வைக்கவில்லை.
காசில்லாத கால். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.
இரண்டு பேருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.
அவளுக்குக் கேட்கட்டும் என்று
வேகன்களைச் சத்தமாக எண்ணினேன்.
இருபத்தேழில் "டீ குடிச்சியா" என்றாள்.
முப்பத்தொன்பதில் கேட் தூக்கினார்கள்.

ஒளிமதியில் யார் என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.